பலகையில் ஜப்பான், தட்டில் என்ன?

ஒரு கடைக்குப் பலகை எழுதி மாட்டுவது ஒரு நாள் வேலை. பலகையில் எழுதியதை அன்றாடம் சரக்காகக் கொடுப்பது ஆயுள் முழுவதும் செய்ய வேண்டிய வேலை. மளிகைக் கடைக்கும் மண்டிக்கும் பொருந்தும் இந்த விதி, உணவு விடுதிக்கும் பொருந்தும். அண்மையில் நம் பகுதியில் ஒரு ஜப்பானிய உணவகத்தில் சாப்பிட்டு ஏமாற்றத்தோடு திரும்பினோம். அதில் கண்டதையும் எண்ணியதையும் வணிக நண்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு வேளைச் சாப்பாடு சரியில்லை என்பது சங்க இதழில் எழுதும் அளவுக்குப் பெரிய செய்தியல்ல. ஆனால் அந்தச் சாப்பாட்டில் நம் உறுப்பினர் ஒருவரின் அரிசியும், அவர் எழுத மறுத்த ஒரு பில்லும் சம்பந்தப்பட்டிருக்கின்றன. ஆகவே இது நம் தொழில் பற்றிய விஷயமாகிறது.

ஜப்பான் நம் வாசலுக்கு வந்த விதம்

செங்கற்பட்டு என்றால் ஏரியும் ரயில் சந்திப்பும் நெல்லும்தான் ஒரு காலத்தில் நினைவுக்கு வரும். செங்கல்பட்டு சிறுமணி என்று ஊர்ப் பெயரையே தாங்கிய நெல் ரகம் நமக்கு உண்டு. 2002-இல் பரனூர் அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டி தொடங்கிற்று. 2010-இல் ஒரகடத்தில் நிசானும் ரெனோவும் சேர்ந்து கார் தொழிற்சாலை திறந்தன. இவற்றோடும் இவற்றைச் சுற்றியும் ஜப்பானிய நிறுவனங்கள் பல வந்தன. பொறியாளர்களும் அதிகாரிகளும் அங்கிருந்து வந்து மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தங்கினார்கள். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது, தொழிற்பேட்டைகளும் மாமல்லபுரம் கடற்கரையும் ஒரே மாவட்டத்தின் இரு கண்கள் என்று சொல்லும் நிலை வந்துவிட்டது.

மனிதர் வந்தால் அவர் நாக்கும் உடன் வரும். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினால், முன்பு கேள்விப்படாத நாட்டுச் சாப்பாடுகளின் பெயர்களைப் பலகைகளில் காணலாம். இதை நாம் வரவேற்கிறோம். புது உணவகம் ஒன்று வந்தால் அரிசி, எண்ணெய், மாவு, சர்க்கரை, மிளகு என்று நம் கடைகளுக்கும் கொஞ்சம் வியாபாரம் வரத்தானே செய்யும்? அந்த எண்ணத்தில்தான் நாங்கள் நால்வரும் போனோம். ஒருவர் பருப்பு மண்டி வைத்திருக்கும் மூத்தவர், சுத்த சைவம். இன்னொருவர் மாமல்லபுரம் பக்கம் மளிகையும் கருவாடும் சேர்த்து வியாபாரம் செய்பவர். மூன்றாமவர் அந்த விடுதிக்கே அரிசியும் எண்ணெயும் பருப்பும் அனுப்பி வந்தவர். நான்காவது இதை எழுதும் கை. விடுதியின் பெயர் இங்கே வேண்டாம். நம் நோக்கம் ஒருவரைத் தூற்றுவதல்ல.

வந்த பண்டங்கள்

முதலில் சூப் வந்தது. மிசோ என்பது சோயா மொச்சையை உப்பும் பூஞ்சணமும் சேர்த்துப் புளிக்க வைத்து ஆக்கும் விழுது. அதைக் கரைத்த சூப் அது. "இது சைவமா தம்பி?" என்று மூத்தவர் கேட்டார். "சைவம்தான் ஐயா, வெறும் சோயா" என்றார் பரிமாறிய இளைஞர். மூத்தவர் கிண்ணத்தைக் கையில் எடுத்த நேரத்தில், கருவாட்டு வியாபாரி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஐயா, கொஞ்சம் பொறுங்க. மாசிக் கருவாட்டு வாசனை வருது."

அவர் மூக்கு பொய் சொல்லவில்லை. பொட்டலத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தோம். இறக்குமதியாளர் ஒட்டிய சீட்டில் பழுப்பு நிற அசைவக் குறி தெளிவாக இருந்தது. உட்பொருள்களில் மீன் சாறு இருந்தது. ஜப்பானியர் சூப்புக்கு அடிப்படையாகக் காய்ச்சும் சாறு பெரும்பாலும் கட்சுவோபுஷி என்னும் பண்டத்திலிருந்து வருவது. சூரை மீனை வேக வைத்து, புகை போட்டு, கட்டைபோல் உலர்த்திச் சீவுவது அது. லட்சத்தீவிலும் மாலத்தீவிலும் செய்து நம் கடைகளுக்கு வரும் மாசிக்கு அது ஏறக்குறைய உடன்பிறப்பு. பரிமாறிய இளைஞரை நாம் குறை சொல்லவில்லை. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் ஒரு சைவரின் நோன்பு ஒரு வியாபாரியின் மூக்கை நம்பி நின்றது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்து வந்தது சுஷி. காடி கலந்த சோற்றை உருட்டி மேலே மீன் துண்டு வைப்பதும், கடற்பாசித் தாளில் சுருட்டி வெட்டுவதும் இதன் வகைகள். சோறு குளிர்பெட்டியிலிருந்து நேரே வந்தது. விறைத்து, பருக்கை பருக்கையாக உதிர்ந்தது. சாமன் என்னும் வெளிநாட்டு மீன், உறைந்தது உருகி நீர் விட்டு, துணி போல் கிடந்தது. பட்டியலில் "நண்டு" என்று போட்டிருந்த சுருளில், ஓரம் சிவப்பும் நடு வெள்ளையுமாக ஒரு குச்சி இருந்தது. நண்டின் நார் இல்லை, ருசியும் இல்லை. பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு விழுது, "அசல் வசாபி" என்ற பெயரில். டெம்புரா என்னும் பஜ்ஜி வகை எண்ணெய் குடித்துச் சோர்ந்திருந்தது. நம்மூர் டீக்கடை பஜ்ஜி மாஸ்டர் அதைப் பார்த்திருந்தால் சட்டியைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்.

நாலு பேருக்கு வந்த தொகையை எழுதினால் சிலருக்கு மயக்கம் வரும். ஆகவே விட்டுவிடுகிறோம். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். இரண்டு மேசை தள்ளி ஜப்பானியர் போல் தோன்றிய இருவர் அமர்ந்து சாப்பிட்டுக் கொண்டிருந்தனர். அவர்கள் தட்டில் இருந்தது சப்பாத்தியும் பருப்பும். சரக்கின் தரம் தெரிந்த வாடிக்கையாளர் சண்டை போடுவதில்லை. வேறு சரக்கைக் கேட்கிறார், அல்லது வேறு கடைக்குப் போகிறார்.

ஒவ்வொரு சரக்காகப் பார்ப்போம்

வியாபாரி கண்ணால் பார்த்தால், அந்தத் தட்டில் இருந்தவை எல்லாமே மாற்றுச் சரக்குகள். மாற்றுச் சரக்கு விற்பது குற்றமல்ல. ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்தால் குற்றம் எங்கே தொடங்குகிறது என்பது விளங்கும்.

வசாபி: இது குளிர்ந்த ஓடை நீரில் வளரும் ஒரு செடியின் தண்டு. முற்றுவதற்கு ஓராண்டுக்கு மேல் ஆகும். துருவிய பிறகு கால் மணி நேரத்தில் காரம் இறங்கத் தொடங்கிவிடும். விலையும் மிக அதிகம். ஆகவே உலகெங்கும் வசாபி என்று விற்பதில் பெரும்பகுதி, ஹார்ஸ்ராடிஷ் என்னும் காரக் கிழங்கோடு கடுகும் பச்சைச் சாயமும் சேர்த்தது. கடுகின் காரமும் வசாபியின் காரமும் வேதியியல் முறையில் ஒரே பொருளால் வருவதுதான். எங்களுக்குக் காட்டிய குழாயிலும் இந்த உட்பொருள்கள் ஒளிவு மறைவின்றி அச்சாகியிருந்தன. குழாய் உண்மை சொல்லிற்று. "அசல்" என்ற சொல்லை விடுதியின் விலைப்பட்டியல்தான் சேர்த்தது.

நண்டுக் குச்சி: 1970-களில் ஜப்பானில் உருவான பண்டம். மீன் சதையை அரைத்து, பலமுறை அலசி, மாவும் முட்டை வெள்ளையும் நண்டு வாசனையும் சேர்த்துச் செய்வது. அரைத்த அந்தச் சதைக்கு சுரிமி என்று பெயர். இந்தியாவிலிருந்து ஜப்பானுக்கும் பிற நாடுகளுக்கும் சுரிமி ஏற்றுமதியாகிறது. அதற்கு நம் நாட்டில் முக்கியமாகப் பயன்படுவது எந்த மீன் தெரியுமா? கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் கூடையில் வரும் சங்கரா இனம்தான்! அதன் அறிவியல் பெயரிலேயே "ஜப்போனிகஸ்" என்று ஜப்பான் இருக்கிறது. ஜப்பானில் இந்தக் குச்சியை "நண்டு" என்று விற்பதில்லை. "நண்டுச் சுவை மீன் பண்டம்" என்ற பொருள்படவே உறையில் எழுதுகிறார்கள். அப்படி எழுதியும் அது கோடிக்கணக்கில் விற்கிறது. உண்மையைச் சொன்னால் சரக்கு போகாது என்பது வீண் பயம்.

சாமன்: இதைப் பச்சையாகச் சுஷியில் வைப்பது ஜப்பானின் பழைய வழக்கமே அல்ல. அவர்கள் கடலில் கிடைத்த சாமனில் புழு இருக்கும் என்பதால் சுட்டோ உப்பிட்டோதான் தின்றார்கள். 1980-களில் நார்வே நாட்டார் தங்கள் பண்ணை மீனைக் கொண்டுபோய், பல ஆண்டு பொறுமையாகப் பிரசாரம் செய்து பழக்கினார்கள். பச்சையாக உண்ணும் மீனுக்கு உறைநிலை மிக அவசியம். பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் 7 நாள் வைத்தால் புழுக்கள் மடியும் என்பது அமெரிக்க உணவுத் துறையின் கணக்கு. ஆகவே, "பக்கத்தில் கடல் இருக்க ஏன் உறைந்த மீன்?" என்று நாம் கேட்க மாட்டோம். கரையில் வாங்கிய மீனை அப்படியே பச்சையாகப் பரிமாறுவது ஆபத்து. ஆனால் சுட்ட மீனும் பொரித்த மீனும் அதே விடுதியில் உண்டு. "இது எந்த மீன், எங்கே வாங்கியது?" என்று கேட்டோம். "ஜப்பான் மீன் சார்" என்பதே பதில். கொடுவாயும் வஞ்சிரமும் கனவாயும் வந்திறங்கும் கரையில் நின்று, தட்டில் இருப்பது என்ன மீன் என்று தெரியாமல் விற்பது வியாபாரமாகுமா?

அரிசி: இதில்தான் நம் உறுப்பினர் வருகிறார்.

எழுத மறுத்த பில்

சோற்றை விரலால் நசுக்கிப் பார்த்த அரிசி வியாபாரி சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இது என் கடை அரிசி" என்றார். விடுதியின் சாதாரணச் சாப்பாட்டுக்கு அவர் மூட்டை மூட்டையாக அனுப்பிய பச்சரிசிப் பொன்னி அது. விலைப்பட்டியலிலோ "ஜப்பான் அரிசியில் செய்தது" என்று அச்சிட்டிருந்தார்கள்.

சுஷிக்கு வேண்டியது குட்டையான, உருண்டையான அரிசி. அதில் மாவுச்சத்தின் ஒரு கூறாகிய அமிலோஸ் குறைவு. அதனால் சோறு ஒன்றோடொன்று ஒட்டும். நம் பொன்னியில் அது கூடுதல். அதனால் உதிரும். சாம்பாருக்கும் ரசத்துக்கும் உதிர்வது குணம். சுஷிக்கு உதிர்வது குற்றம். போதாக்குறைக்கு ஆக்கிய சோற்றைக் குளிர்பெட்டியில் வைத்தால் எந்த அரிசியும் விறைக்கும். இது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த பாடம்.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. பொன்னிக்கும் ஜப்பானிய அரிசிக்கும் உறவு இல்லாமல் இல்லை. ஜப்பானியர் ஆட்சியில் இருந்தபோது தைவானில் உருவான ரகம் தாய்ச்சுங் 65. அதை வெப்ப நாட்டு ரகம் ஒன்றோடு இணைத்துக் கிடைத்து, மலேசியாவில் பரவியது மசூரி. அதிலிருந்து தேர்ந்து தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986-இல் வெளியிட்டது வெள்ளைப் பொன்னி. அதற்கும் முன்பு, 1960-களில் தஞ்சையில் பேர் வாங்கிய ஆடுதுறை 27, ஜப்பானின் நோரின் 10 என்ற ரகத்துக்கும் நம் நாட்டு ரகத்துக்கும் பிறந்தது. உறவு இருக்கிறது என்பதற்காகப் பேரனைத் தாத்தா என்று கூப்பிட முடியுமா?

பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம். அதற்குச் சில வாரங்களுக்கு முன் விடுதியின் கொள்முதல் பிரிவிலிருந்து ஒருவர் கூப்பிட்டாராம். "சரக்கு அதேதான். பில்லில் மட்டும் ஜப்பான் அரிசி என்று எழுதிக் கொடுங்கள். யாராவது வந்து கேட்டால் காட்டுவதற்கு ஒரு காகிதம் வேண்டும். மூட்டைக்குக் கொஞ்சம் கூட்டியும் போட்டுக்கொள்ளலாம்" என்றாராம். இவர் ஏன் எதற்கு என்று வாதாடவில்லை. "பொன்னி பச்சரிசி என்றால் பொன்னி பச்சரிசி என்றுதான் எழுதுவேன்" என்று சொல்லிவிட்டார். அந்த மாதம் முதல் அரிசி ஆர்டர் நின்றது. பருப்பும் எண்ணெயும் மட்டும் போய்க்கொண்டிருந்தன. நாங்கள் சாப்பிட்டது அவரிடம் முன்பு வாங்கி இருப்பில் இருந்த மூட்டையாக இருக்க வேண்டும்.

விடுதியின் மேற்பார்வையாளரிடம் பணிவாகவே இவற்றைக் கேட்டோம். அவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் சொன்ன பதில் இது: "வர்றவங்களுக்கு என்ன சார் தெரியப் போகுது? பச்சையா ஒண்ணு, சிவப்பா ஒண்ணு இருந்தா போதும். போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாங்க."

வணிகத்தில் இதைவிட ஆபத்தான வாக்கியம் இல்லை என்பது நம் கருத்து. "வாங்குபவனுக்குத் தெரியாது" என்பதை முதலாக வைத்துத் தொடங்கும் வியாபாரம், வாங்குபவனுக்குத் தெரிந்த அன்று முடிந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் உறுப்பினர் மனசாட்சிக்குப் பயந்து மறுத்தார். சட்டத்துக்குப் பயந்து மறுத்திருந்தாலும் சரியே. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் 26-ஆவது பிரிவை நம்மில் பலர் கவனிப்பதில்லை. உணவுப் பொருளை இன்னொரு வியாபாரிக்கு விற்பவர் அதன் தன்மைக்கு எழுத்து மூலம் உத்தரவாதம் தர வேண்டும் என்கிறது அது. தனியாக உத்தரவாதப் படிவம் இணைக்காவிட்டாலும், கொடுத்த பில்லையே உத்தரவாதமாகக் கருத வேண்டும் என்றும் சொல்கிறது. அதாவது நாம் பில்லில் எழுதும் பெயர் வெறும் கணக்குக்காக அல்ல. அது சத்தியப் பிரமாணம் போன்றது. "அவர்கள் கேட்டார்கள், நான் எழுதினேன்" என்பது பிறகு பேச்சாகாது.

அதே சட்டத்தில் 52-ஆவது பிரிவின்படி, தவறான பெயரிட்ட உணவுப் பொருளுக்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. 53-ஆவது பிரிவின்படி, பொருளின் தன்மை பற்றித் திசைதிருப்பும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மூட்டைக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் என்று ஒரு கையெழுத்துப் போட்டால், கடையையே ஈடு வைக்க நேரிடலாம்.

ஜப்பானிலேயே நடந்தது

ஜப்பானியர் எல்லாரும் உத்தமர்கள், நாம்தான் மோசம் என்று எண்ண வேண்டாம். அங்கேயும் இது நடந்தது. 2013 அக்டோபரில் ஒசாக்கா பகுதியைச் சேர்ந்த ஹான்க்யூ ஹான்ஷின் ஹோட்டல்ஸ் என்னும் பெரிய நிறுவனம், தன் விடுதிகளில் 47 வகை உணவுகளின் பெயருக்கும் உள்ளே இருந்த பொருளுக்கும் பொருத்தமில்லை என்று தானே ஒப்புக்கொண்டது. உறைந்த மீன், புது மீன் என்று எழுதப்பட்டிருந்தது. ஷிபா இறால் என்று உயர்ந்த பெயரில் பரிமாறப்பட்டது வெறும் வனாமி இறால். 2009 முதல் நம் நாட்டுக் குட்டைகளிலும் வளர்க்கப்பட்டு வருகிறதே, அதே வனாமி!

வனாமி மட்டமான சரக்கல்ல. உலகெங்கும் விரும்பி உண்கிறார்கள். வனாமி என்று எழுதியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பெயரை மாற்றியதுதான் வினை. நிறுவனத்தின் தலைவர் பதவி விலகினார். சாப்பிட்டவர்களுக்குப் பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அடுத்தடுத்து வேறு பல ஹோட்டல்களும் கடைகளும் தாங்களும் இப்படிச் செய்ததாக அறிவிக்க நேர்ந்தது. 2014-இல் தவறான விளம்பரங்களுக்கு எதிரான சட்டத்தையே அந்நாடு இறுக்கிற்று. இதில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அதே 2013 டிசம்பரில்தான் ஜப்பானிய உணவு மரபை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்துக் கௌரவித்தது. புகழும் இழிவும் ஒரே காலாண்டில் வந்து சேர்ந்தன.

அங்குள்ள வாடிக்கையாளர் எப்படிப்பட்டவர் என்பதை நம் இறால் ஏற்றுமதியாளர்களும் நன்கு அறிவார்கள். 2012-இல் எதாக்சிகுவின் என்னும் தீவனப் பாதுகாப்புப் பொருளின் எச்சம் நம் இறாலில் 0.01 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஜப்பான் சோதித்தது. பத்துக் கோடியில் ஒரு பங்கு! சரக்குகள் சிக்கின, ஏற்றுமதி அடிபட்டது. 2014-இல் அந்த அளவை 0.2 ஆகத் தளர்த்தினார்கள். கப்பல் ஏறும் சரக்கில் இவ்வளவு கவனம் செலுத்தும் நாடு நாம். இங்கேயே அமர்ந்து சாப்பிடுகிறவருக்கு, அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், பெயரையாவது சரியாகச் சொல்ல வேண்டாமா?

நம் கடைக்குள் திரும்பிப் பார்ப்போம்

உணவகத்தைப் பேசிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. மாற்றுச் சரக்கு இல்லாத மளிகைக் கடை எங்கே இருக்கிறது? நாம் விற்கும் பெருங்காயத்தில் பெரும்பகுதி கோதுமை மாவும் பிசினும் சேர்த்த கூட்டுப் பெருங்காயம். டப்பாவில் அப்படியே எழுதியிருக்கிறது. வாங்குபவரும் மகிழ்ச்சியோடு வாங்குகிறார். பட்டை என்று நாம் எடை போடுவது பெரும்பாலும் காசியா இனம். இலங்கையிலிருந்து வரும் மெல்லிய கருவாப்பட்டை வேறு, அதன் விலையும் வேறு. காசியாவைக் காசியா விலைக்கு விற்றால் வியாபாரம். அதையே கருவாப்பட்டை என்று சொல்லி அதன் விலைக்கு விற்றால் மோசடி.

வனஸ்பதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நல்லெண்ணெய் 5 சதவீதமாவது சேர்க்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே விதி செய்தார்கள். ருசிக்காக அல்ல. யாராவது அதை நெய்யில் கலந்தால், சோதனைக் குழாயில் நல்லெண்ணெய் நிறம் மாறிக் காட்டிக் கொடுத்துவிடும் என்பதற்காக. வனஸ்பதி வனஸ்பதியாக இருக்கும்வரை அதற்கு மரியாதை உண்டு. நெய் வேஷம் போட்டால்தான் தண்டனை.

கைக்கொள்ள வேண்டியவை

வெளிநாட்டுச் சரக்கு நம் கடைகளுக்கு மேலும் வரத்தான் போகிறது. சோயா சாஸும் அரிசிக் காடியும் கடற்பாசித் தாளும் கேட்டு வருபவர்கள் கூடுவார்கள். அதற்கு நாம் தயாராக வேண்டும்.

1. இறக்குமதிப் பண்டத்தில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, உணவுப் பாதுகாப்பு உரிம எண், சைவ-அசைவக் குறி ஆகியவை அச்சிலோ ஒட்டிய சீட்டிலோ இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டு இல்லாத சரக்கை, விலை மலிவு என்று எடுக்காதீர்கள்.

2. துறைமுகத்தில் இறங்கும்போது பண்டத்தின் ஆயுளில் 60 சதவீதமோ, அல்லது காலாவதிக்கு 3 மாதமோ, இவற்றில் எது குறைவோ அந்த அளவாவது மீதி இருக்க வேண்டும் என்பது இறக்குமதி விதி. அங்கிருந்து பல கை மாறி நம்மிடம் வரும்போது எத்தனை நாள் மீதி என்று கணக்குப் பார்த்தே எடுங்கள். தேதி நெருங்கிய சரக்கைத் தள்ளிவிடப் பார்ப்பவர்கள் எல்லாச் சந்தையிலும் உண்டு.

3. சைவக் குறியைக் கண்ணால் பார்க்காமல் "சைவம்தான்" என்று வாயால் சொல்லாதீர்கள். சூப் பொடி, சாஸ், நூடுல்ஸ் மசாலா ஆகியவற்றில் மீன் சாறு ஒளிந்திருக்கலாம். கடைப் பையன்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

4. ஹோட்டலுக்குச் சப்ளை செய்பவர்கள் பில்லில் ரகத்தின் உண்மைப் பெயரை மட்டும் எழுதுங்கள். வேறு பெயர் கேட்டால் முகம் சுளிக்காமல் மறுத்துவிடுங்கள். பில்லின் நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

5. கேட்கும் சரக்கு இல்லையென்றால், "அது இல்லை, அதற்குப் பதில் இது இருக்கிறது, விலை இவ்வளவு" என்று சொல்லுங்கள். இந்த மூன்று வாக்கியங்களில் மொத்த நாணயமும் அடங்கியிருக்கிறது.

6. ஜப்பானியப் பொருள்களை முறையாக வைத்து விற்கும் வெளிநாட்டுக் கடைகளையும் உணவகங்களையும் ஆதரவுக் கடைகளாக அங்கீகரிக்கும் திட்டம் ஒன்றை ஜப்பான் அரசு 2016-இல் வகுத்தது. பெரிய அளவில் இவ்வியாபாரத்தில் இறங்க எண்ணுபவர்கள் அதைப் பற்றி விசாரித்துக்கொள்வது நல்லது.

சாந்தோமே துணியின் பாடம்

நம் கரைக்கும் ஜப்பானுக்கும் வியாபாரத் தொடர்பு கார் தொழிற்சாலையில் தொடங்கவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் ஜப்பான் தன் கதவை மூடிக்கொண்டபோது, ஐரோப்பியரில் டச்சுக்காரருக்கு மட்டும் நாகசாகியில் ஒரு சிறு தீவில் இடம் கொடுத்தது. அதே டச்சுக்காரர்கள்தான் மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் பண்டகசாலையும் கோட்டையும் வைத்து, சோழமண்டலக் கரைத் துணிகளை வாங்கியவர்கள். அவர்கள் கப்பலில் இக்கரைத் துணிகள் ஜப்பானுக்குப் போயின. அவற்றில் கோடு போட்ட பருத்தித் துணி ஒன்றுக்கு ஜப்பானியர் வைத்த பெயர் "சாந்தோமே". ஆம், நம் மயிலாப்பூர்ச் சாந்தோம்தான்.

துணிக்கு நல்ல கிராக்கி ஏற்பட்டதும், ஜப்பானிய நெசவாளர்கள் அதேபோல் தாங்களும் நெய்யத் தொடங்கினார்கள். கடல் கடந்து வந்த அசலுக்கு ஒரு பெயர் இருந்தது. உள்நாட்டில் நெய்ததை "ஜப்பான் சாந்தோமே" என்றும், கியோத்தோவில் நெய்ததை "கியோத்தோ சாந்தோமே" என்றும் பிரித்துச் சொன்னார்கள். மாற்றுச் சரக்குதான், ஆனால் ஊர்ப் பெயரைச் சேர்த்து உண்மையைச் சொல்லி விற்ற மாற்றுச் சரக்கு. அசலும் விற்றது, மாற்றும் விற்றது. இரண்டுக்கும் வாடிக்கையாளர் இருந்தார்கள்.

நம்மிடமும் வழி இருக்கிறது. "செங்கற்பட்டுப் பக்கத்து அரிசியில் செய்தது, கோவளத்துச் சங்கரா மீனில் பொரித்தது" என்று ஓர் உணவகம் துணிந்து எழுதிப் பார்க்கட்டும். அது ஜப்பானியச் சாப்பாடாக இல்லாமல் போகலாம், பொய்யாக இருக்காது. வருகிறவர் இன்னொரு நாளும் வருவார். அவருக்காக அந்த உணவகம் நம் கடைகளுக்கும் நம் மீனவர்களுக்கும் இன்னொரு ஆர்டர் கொடுக்கும். அரிசி ஆர்டரை இழந்த நம் உறுப்பினரைப் போன்றவர்களைத் தேடி அப்போது ஆள் வரும். ஏனென்றால் எழுதியது எழுதியபடி இருக்கும் பில், கொள்முதல் செய்பவருக்கும் பாதுகாப்பு.

வணிக நண்பர்களே! தரத்தில் உயர்வு தாழ்வு இருக்கலாம். விலையில் ஏற்ற இறக்கம் இருக்கலாம். பெயரில் மட்டும் இரண்டு இருக்கக் கூடாது. மூட்டையில் உள்ளதைப் பில்லில் எழுதுவோம். பில்லில் எழுதியதைப் பலகையில் போடுவோம்.